ஸ்டைன்பெக் பார்த்த ரஷ்யா, பார்க்காத பசி

போர் முடிந்த நாட்டுக்குப் போய்விட்டு வந்து எழுதும் பயண நூல்களை எந்த அளவுக்கு நம்பலாம்? ஜான் ஸ்டைன்பெக்கின் 'எ ரஷ்யன் ஜர்னல்' இந்தக் கேள்வியைச் சோதித்துப் பார்க்க நல்ல இடம். 1947-ல் அவரும் புகைப்படக்காரர் ராபர்ட் காப்பாவும் மாஸ்கோ, உக்ரைன், ஸ்டாலின்கிராட், ஜார்ஜியா என்று சுமார் 40 நாள் சுற்றினார்கள். 1948-ல் புத்தகம் வந்தது. பனிப்போர் தொடங்கியிருந்த நேரம். அமெரிக்காவில் ரஷ்யர் என்றாலே பூச்சாண்டி. அந்த நேரத்தில் ரஷ்யர்களைச் சாதாரண மனிதர்களாக எழுதியதே துணிச்சல்தான்.

ஸ்டைன்பெக் தனக்கு ஒரு விதி வைத்துக்கொள்கிறார்: பெரிய அரசியல் வேண்டாம், கிரெம்ளின் வேண்டாம், கண்ணில் பட்டதை மட்டும் எழுதுவோம். கேட்க நேர்மையாகத்தான் இருக்கிறது. ஆனால் நம்ம ஊரில் சொல்வார்களே, கண்ணால் காண்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று. புத்தகத்தின் பலம், பலவீனம் இரண்டும் அந்த விதியில்தான் இருக்கின்றன.

பலம் ஸ்டாலின்கிராட் பகுதியில் தெரிகிறது. ஓட்டல் ஜன்னலுக்கு வெளியே இடிபாட்டுக் குவியல். அதற்கு அடியில் நிலவறைகளில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். காலையில் பொந்துகளிலிருந்து பெண்கள் தலைவாரி, சுத்தமான உடையோடு வேலைக்குக் கிளம்பி வருகிறார்கள். இன்னொரு பொந்திலிருந்து மனம் சிதைந்த ஒரு சிறுமி வருகிறாள், குப்பையில் கிடப்பதைத் தின்கிறாள். போர் மனிதரை என்ன செய்யும் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பலவீனம் உக்ரைனில். கீவ் அருகே கூட்டுப்பண்ணைக் கிராமங்களுக்கு அழைத்துப் போகிறார்கள். ஒரே விருந்து, உபசாரம், பாட்டு. ஆண்கள் குறைவு, வயலில் பெரும்பாலும் பெண்கள் என்பதை அவர் சரியாகக் கவனிக்கிறார். ஆனால் 1946-ல் வறட்சி. விளைந்த கொஞ்சத்தையும் அரசு கொள்முதல் என்று வழித்து எடுத்தது, வெளிநாட்டுக்கு ஏற்றுமதியும் செய்தது. 1946-47 பஞ்சத்தில் சோவியத் நாட்டில் 10 லட்சத்துக்கு மேல் செத்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கணக்கு. உக்ரைனும் மால்டோவாவும் மிக மோசமாக அடிபட்டன. இவர்கள் போனது புது அறுவடை வந்த சமயம். ஆகவே அந்தச் சாப்பாட்டு மேசை முழுக்க நாடகம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சில மாதங்களுக்கு முன் இதே குடியரசில் பட்டினிச் சாவு நடந்தது என்ற நிழல்கூட அந்தப் பக்கங்களில் விழவில்லை.

அரசு மறைத்ததை வெளியூர்க்காரர் எப்படிக் கண்டுபிடிப்பார் என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனா பாருங்க, இதே ஸ்டைன்பெக் மாஸ்கோவில் லெனின் அருங்காட்சியகத்துக்குப் போகிறார். அங்கே ட்ராட்ஸ்கியின் படம் ஒன்றுகூட இல்லை என்று பிடித்துவிடுகிறார். இல்லாததைப் பார்க்கும் கண் அவருக்கு இருந்தது. புரட்சியின் வரலாறு முன்பே தெரியும் என்பதால் அங்கே இடைவெளி தெரிந்தது. கிராமத்தைப் பற்றி முன்கூட்டி ஒன்றும் தெரியாது, பேச்சும் மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான். அப்புறம் எந்த இடைவெளி தெரியும்?

கடைசியில் ஒரு விஷயம் என்னை ரொம்ப உறுத்தியது. நாட்டை விட்டுக் கிளம்பும்போது காப்பாவின் படச்சுருள்களை அதிகாரிகள் சோதித்துத் திருப்பித் தருகிறார்கள். சில படங்கள் இல்லை. கைதிகள் தெரிந்த படங்கள் போய்விட்டன. ஸ்டாலின்கிராட் சிறுமியின் படமும் போய்விட்டது. எங்கள் பார்வையில் முக்கியமானது எதுவும் பறிபோகவில்லை என்கிற மாதிரி ஸ்டைன்பெக் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார். புத்தகத்திலேயே மறக்க முடியாத முகம் அவளுடையது. அது போனது முக்கியமில்லை என்றால், வேறு எதுதான் முக்கியம்?

இதனால் புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஸ்டாலின்கிராட் பக்கங்களுக்காகவே வாசிக்கலாம். ஆனால் விருந்தாளியாகப் போனவர் எழுதியதை வாசிக்கும்போது, பக்கத்தில் அந்த ஊரின் வரலாற்றையும் விரித்து வைத்துக்கொள்ளுங்கள். பரிமாறியவர்கள் முந்தின மாதம் என்ன சாப்பிட்டார்கள் என்பது அதில்தான் இருக்கும்.