கல்லூரி மலரும் பத்திரிகைப் பயிற்சியும்

கல்லூரி மலர்களிற் கட்டுரை எழுதிப் பழகிய மாணவன் பத்திரிகைத் தொழிலுக்கு வேண்டிய ஆயத்தத்தைப் பெற்றுவிட்டான் என்னும் எண்ணம் நம்மவரிடையே வேரூன்றியுள்ளது. பண்டாரவளை, பதுளைப் பகுதிப் பாடசாலைகளின் மலர்கள் சிலவற்றை ஒருசேர வைத்துப் படிப்பார்க்கு இவ்வெண்ணத்தில் ஐயம் பிறத்தல் இயல்பு.

அம்மலர்களிற் பெரிதும் இடம்பெறுவது மலைநாட்டின் எழில் பற்றிய கட்டுரை. முகில் தவழும், அருவி பாடும், கொழுந்து கிள்ளும் மங்கையின் விரல்கள் நடனமாடும். மொழி பிழையற்றது, சந்தி செவ்வனே அமைந்தது. ஆயினும், அம்மங்கை எத்தனை மணிக்குப் பெரட்டுக்கு வந்தாள், அன்று எத்தனை கிலோ பறித்தாள், நிறுவையில் எவ்வளவு கழிக்கப்பட்டது, அவளுக்கு முழுப்பேர் போடப்பட்டதா அரைப்பேரா என்பனவற்றுள் ஒன்றேனும் அங்கு இராது. எழுதியவனோ லயத்திற் பிறந்தவன். அன்று காலையும் கொழுந்து மடுவத்தைக் கடந்தே பாடசாலைக்கு வந்தவன். கண்ணாற் கண்டதை விடுத்து, ஏட்டிற் படித்த வருணனையை எழுதுகின்றான். அவ்வருணனைக்கே பரிசும் கிடைக்கின்றது.

இலங்கைத் தமிழ்ப் பத்திரிகையுலகில் இதற்கு நேர்மாறான ஆயத்தத்தோடு புகுந்தவர் கோ. நடேசய்யர் (1887–1947). அவர் தஞ்சையில் வணிகக் கல்வி கற்பித்த ஆசிரியர்; 'வர்த்தகமித்திரன்' என்னும் இதழை நடத்தியவர். தோட்டங்களுள் அயலார் புகுதல் தடுக்கப்பட்டிருந்த அக்காலத்திலே, புடைவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குச் சென்று தொழிலாளர் நிலையை அவர் நேரிற் கண்டார் என அவரது வரலாற்றை ஆராய்ந்த சாரல்நாடன் கூறுவர். பின்னர் 1921இல் 'தேசநேசன்', 1924இல் 'தேசபக்தன்' ஆகிய பத்திரிகைகள் தோன்றின. மனைவியார் மீனாட்சியம்மையும் அப்பணியிற் பங்குகொண்டார்.

நடேசய்யர் கண்ட தோட்டவுலகு கணக்கினாற் கட்டுண்ட உலகு. ஒரு கூட்டத்துத் தொழிலாளரின் கடன் முழுவதும் கொடுபடின் அவர்களை விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் அம்முறை ஒழிக்கப்பட்டது. கணக்கறியாதான் ஒருவன் துண்டைப் பற்றி இரங்கற்பா பாடலாம். அத்துண்டினாற் கடன் எங்ஙனம் கைமாறியது, எவ்வாறு பெருகியது என்று விளக்குதல் அவனால் இயலாது. பத்திரிகையாளராக விழையும் மாணவர்க்குக் கணக்குப் பதிவியலும் ஒரு பாடம் என்று யாம் கூறுவது இதுபற்றியே.

இலக்கியப் பயிற்சி வேண்டாவோ எனின், வேண்டும். ஆனால் எவ்வகை இலக்கியம்? பதுளைப் பகுதியிற் பிறந்து, தெளிவத்தைத் தோட்டத்திற் பணிபுரிந்து, அத்தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப் (1934–2022) எழுதிய கதைகளை மேற்கூறிய மலர்க் கட்டுரைகளோடு ஒப்பிட்டுப் பார்க்க. அவர் கண்ட தோட்டத்தில் ஆட்களும் வேலையும் பேச்சும் உண்டு. காட்சி அவற்றின் பின்னே நிற்கும். அத்தகையோர் பலரை வெளிக்கொணர்ந்தது 'வீரகேசரி'. அதன் ஆசிரியபீடத்திலிருந்த எஸ். எம். கார்மேகம் 1960களில் மலையக எழுத்தாளர்க்கெனச் சிறுகதைப் போட்டிகள் நிகழச் செய்தார். பரிசு பெற்றவை 1971இல் 'கதைக்கனிகள்' என நூலாயின. கேட்பார் ஒருவர் இருந்தமையால் எழுதுவார் தோன்றினர். மலராசிரியர்கள் இதனைக் கருத்திற் கொள்வாராக.

2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலையிற் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. இறந்தோரும் காணாமற்போனோரும் சில நூற்றுவர் என்று முதலிற் செய்தி பரவியது. பின்னர் அத்தொகை மிகக் குறைந்தது. லயத்தில் எத்தனை குடும்பங்கள் இருந்தன, வேலைக்குச் சென்றோர் எவர், பாடசாலையில் இருந்த பிள்ளைகள் எத்தனை பேர், கொழும்பில் தொழில் செய்வோர் எவர் எனப் பெயர் பெயராகக் கேட்டுக் கழித்துக் கூட்டினாலன்றி அத்தகைய தொகை சரிவராது. அவ்வேலைக்குக் கொழும்பு நிருபரினும் அயற்றோட்டத்து மாணவனே தகுதியுடையவன்.

இதனினும் கருதத்தக்கது ஒன்றுண்டு. அவ்விடம் அபாயமுடையது, மக்கள் அகற்றப்படல் வேண்டும் எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. முதல் எச்சரிக்கைக்கும் சரிவுக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள். ஆண்டுமலர் எனின் ஒன்பது மலர்கள். மீரியபெத்தையோ பண்டாரவளையிலிருந்து காலையிற் புறப்பட்டு மாலையில் திரும்பக்கூடிய தொலைவினது. எச்சரிக்கையின் பின் எத்தனை குடும்பங்கள் குடிபெயர்ந்தன, எஞ்சியோர் ஏன் பெயரவில்லை, மாற்று நிலம் எங்கே காட்டப்பட்டது என்பன பதினாறு வயது மாணவனும் கேட்கத்தக்க வினாக்கள்.

இத்தகைய கட்டுரையை வெளியிடத் தயங்கும் அதிபர்களும் உளர். அத்தயக்கத்தை எளிதில் இகழ்தல் கூடாது. மாணவனின் தந்தை அதே தோட்டத்திற் பேர் பதிபவர். குடியிருக்கும் வீடும் தோட்டத்தின் வீடு. ஆதலின் கட்டுரையை மாணவன் பெயரில் வெளியிடாது மலர்க்குழுவின் பெயரில் வெளியிடுதலும், ஒவ்வொரு தொகையையும் ஆசிரியர் ஒருவர் மீண்டும் சரிபார்த்தலும் வேண்டும். வழுவற்ற தொகையின்மேற் சினங்கொள்வார் சிலரே. வழு ஒன்று புகின் குடும்பம் முழுவதும் இடர்ப்படும். ஊவாவில் அலுவலகப் பதிவுகள் பெரும்பாலும் சிங்களத்தில் இருத்தலின் அம்மொழியைப் பிழையற வாசிக்கப் பழகுதலும் இப்பயிற்சியின் கூறே.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் குடிமக்கள் எவரும் அரச நிறுவனங்களிடம் எழுத்தில் தகவல் கேட்க வழிசெய்துள்ளது. பதுளை மாவட்டத்தில் மண்சரிவு அபாயமுடையனவாகக் குறிக்கப்பட்ட லயங்கள் எவை, அவற்றுள் இன்னும் மக்கள் வாழ்வன எவை என்று அடுத்த மலர்க்குழு ஒரு விண்ணப்பம் எழுதுக. மறுமொழி வரின் அதனையும், வாராதாயின் விண்ணப்பத்தின் படியையும் அனுப்பிய நாளையும் மலரின் முதற்பக்கத்தில் அச்சிடுக. மலையெழிற் கட்டுரைக்குப் பின்பக்கங்களில் இடம் உண்டு.