நீலத் தொப்பி போடாத படை

போன மாதம் காந்திபுரத்தில் நண்பர்கள் ஏழெட்டுப் பேர் கூடி, ஐ.நா. அமைதிப் படையினரின் பாலியல் குற்றங்கள் பற்றிய ஆய்வுகளைப் பேசிக்கொண்டிருந்தோம். மூத்த தோழர் ஒருவர் பாதியிலேயே நிறுத்தினார். "ஹெய்ட்டி, லைபீரியான்னு எதுக்குங்க சுத்தறீங்க? நம்ம ஆளுக யாழ்ப்பாணத்துல பண்ணினது தெரிஞ்ச கதைதானுங்களே." தெரிந்த கதைதான். ஆனால் யாருக்கு, எப்படித் தெரிந்த கதை? அந்தப் படை அங்கே இருந்தபோது நான் பிறக்கவே இல்லை. எனக்கு அது வாசித்து வந்த கதை. ஆகவே வாசிப்பைப் பற்றித்தான் என்னால் பேச முடியும்.

முதலில் ஆய்வுகள். 2003இல் ஐ.நா. பொதுச்செயலாளர் வெளியிட்ட அறிவிக்கை, பலவந்தம் நடந்ததா என்று மட்டும் கேட்பதோடு நிற்கவில்லை. இருவருக்கும் நடுவில் இருக்கும் அதிகார ஏற்றத்தாழ்வைக் கணக்கில் எடுத்தது. பணமோ வேலையோ பொருளோ கொடுத்து உடலைப் பெறுவதும் குற்றம் என்றது. டயான் ஓட்டோ போன்ற பெண்ணியச் சட்ட அறிஞர்கள் இதையும் விடவில்லை. உறவைத் தடை செய்துவிட்டு, அந்தப் பெண்ணைப் படைமுகாம் வாசலில் கொண்டுவந்து நிறுத்திய வறுமையை அப்படியே விட்டுவிட்டால் என்ன ஆயிற்று என்பது அவர்கள் தரப்பு. சபீன் லீ, சூசன் பார்ட்டெல்ஸ் இருவரும் 2019இல் வெளியிட்ட கட்டுரை வேறு வகை. 2017இல் ஹெய்ட்டியில் சுமார் 2,500 பேரிடம் கதை கேட்டார்கள். 'பாதிக்கப்பட்டீர்களா' என்று கேட்கவில்லை. படை இருந்த ஊரில் பெண்களின் வாழ்க்கை எப்படி இருந்தது, சொல்லுங்கள் என்றார்கள். 265 பேர், படையினருக்குப் பிறந்து கைவிடப்பட்ட குழந்தைகளைப் பற்றித் தாமாகவே பேசினார்கள். கேள்வியின் வடிவம் மாறினால் பதிலும் மாறுகிறது. இலக்கிய மாணவர்களாகிய நாம் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு வேலி உண்டு. அது நீலத் தொப்பி. 1987 ஜூலை 29 ஒப்பந்தத்தின்படி இலங்கைக்குப் போன படைக்கு 'இந்திய அமைதி காக்கும் படை' என்று பெயர். ஐ.நா.வுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பெயர் மட்டும்தான் கடன். அந்தப் பெயரோடு வரும் கணக்குச் சொல்லும் கடமை, ஐ.நா.விலேயே அது நொண்டிக்கொண்டுதான் இருக்கிறது என்றாலும், வந்து சேரவில்லை. அதனால் யாழ்ப்பாணத்துப் பெண் ஐ.நா.வின் எந்தப் பட்டியலிலும் வரமாட்டாள்.

அவளைப் பற்றி எழுதியவர் உள்ளிருந்தே எழுதினார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் கற்பித்த ராஜினி திராணகம. 'முறிந்த பனை' நூலில் 1987 அக்டோபர் போரைப் பெண்கள் எதிர்கொண்டது பற்றிய பகுதி அவருடையது. வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதியது. படையினர் செய்ததை அவர் மறைக்கவில்லை. அதே மூச்சில், வல்லுறவுக்கு ஆளான பெண்ணை அவள் ஊர் பார்த்த பார்வையையும் எழுதினார். இயக்கங்களின் துப்பாக்கியையும் விடவில்லை. 1989 செப்டம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். உடன் உழைத்தவர்கள் புலிகளைத்தான் குற்றம் சாட்டினார்கள்.

இந்தப் பிரதியை நாம் என்ன செய்தோம்? பாதியாகக் கிழித்தோம். இந்தியப் படை செய்த பாதியை மேடைக்கு எடுத்துக்கொண்டோம். ஊரும் இயக்கமும் செய்த பாதியைக் கீழே போட்டோம். 1990 மார்ச்சில் திரும்பிவந்த படையை வரவேற்கப் போகாமல் இருந்தார் அன்றைய முதல்வர் கருணாநிதி. அது சரியான மறுப்பு, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் பேசுவது நம் மேடைகள் சலிக்காமல் சொன்ன ஒரு சொல்லைப் பற்றி: கற்பழிப்பு. அழிந்தது கற்பு. கற்பு யாருடைய சொத்து? கணவனுடையது, குலத்துடையது, கடைசியில் இனத்துடையது. அந்தச் சொல்லுக்குள் பெண்ணின் வலி நுழைய இடமே இல்லை. அவள் தோற்றுப்போன ஒரு நிலப்பரப்பு, அவ்வளவுதான். கொங்கு நாட்டில் இருந்துகொண்டு இதைப் புரிந்துகொள்ளப் பெரிய கோட்பாடு எதுவும் வேண்டாம். பெண்ணின் உடலில் சாதியின் மானத்தைக் கட்டிவைத்தால் என்ன ஆகும் என்பதை 2015இல் கோகுல்ராஜ் கொலையில் பார்த்தோம். எதிரிப் படைக்கும் ஊர்ப் பெரிய மனிதருக்கும் இந்த ஒரு விஷயத்தில் அகராதி ஒன்றுதான்.

ஹெய்ட்டி விஷயத்திலும் இதையே செய்தோம். 2007இல் இலங்கைப் படையினர் நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்டார்கள். 134 பேர் சேர்ந்து ஒன்பது குழந்தைகளை 2004 முதல் 2007 வரை சுரண்டினார்கள் என்பதை அசோசியேட்டட் பிரஸ் 2017இல் விரிவாக வெளியிட்டது. 114 பேர் ஊர் திரும்பினார்கள், ஒருவரும் சிறைக்குப் போகவில்லை. நம் பக்கம் இதைப் படித்தவர்கள் 'பார், சிங்கள ராணுவம்' என்றார்கள். நானும் சொன்னேன். பொய்யில்லை. ஆனால் அந்த வாக்கியத்தில் ஒன்பது குழந்தைகள் எங்கே? நமக்கு அவர்கள் சாட்சிப் பொருள், வேறென்ன!

பேராசிரிய நண்பர் ஒருவர், யாழ்ப்பாணத்தையும் லீ–பார்ட்டெல்ஸ் முறையில் ஆராயலாமே, முகாம்களில் வயதான பெண்கள் இருப்பார்களே என்றார். சிறுவாணிச் சாலையில் பூலுவபட்டியில் அகதிகள் முகாம் இருக்கிறது. முகாம் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித்தரும் தோழி ஒருவரிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "டேப்பைத் தூக்கிட்டு யாரையும் கூட்டிட்டு வந்துராதீங்க" என்றார். "அவுங்க இப்பப் பேசறது குடியுரிமை பத்தியும், படிச்ச புள்ளைக்கு வேலை கெடைக்காதது பத்தியும்தான். அதைக் கேக்கறதுக்கு வர்றதா இருந்தா வாங்க."

அந்தச் சனிக்கிழமை போனேன். டேப் எடுத்துப் போகவில்லை.