கர்னலுக்குக் கடிதம் போட ஆளில்லை

விருதுநகர், சிவகாசிப் பக்கம் ஒரு பையன் ஸ்பானிஷ் படிக்கப்போறேன்னு சொன்னால் கிடைக்கும் ஊக்கமெல்லாம் ஒரே மாதிரிதான்: "நல்லது தம்பி, ஐ.டி.ல டிமாண்ட் இருக்கு." இருக்கத்தான் செய்கிறது. நான் அந்தத் துறையில்தான் குப்பை கொட்டுகிறேன், மறுக்க மாட்டேன். ஆனால் ஸ்பானிய இலக்கியம் படிக்கப்போறேன்னு சொன்னால் வீட்டில் மட்டுமல்ல, கல்லூரியிலும் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

மற்ற ஊரில் இப்படி என்றால் சரி, விட்டுவிடலாம். இந்தப் பக்கத்தில் இது வேடிக்கை. லத்தீன் அமெரிக்க எழுத்தைத் தமிழில் தோளில் தூக்கிச் சுமந்தவர்களில் கரிசல்காட்டு ஆட்கள் முக்கியமானவர்கள். சாத்தூரைத் தாண்டினால் கோவில்பட்டி. அங்கிருந்து கோணங்கி நடத்திய 'கல்குதிரை' மார்க்வெஸுக்குச் சிறப்பிதழே போட்டது. போர்ஹெஸையும் மார்க்வெஸையும் பற்றி விடாமல் எழுதி வாசகர்களைச் சேர்த்த எஸ். ராமகிருஷ்ணனுக்கு ஊர் மல்லாங்கிணர். இவ்வளவு நடந்த மண்ணில் அந்த மொழியை மட்டும் யாரும் தொடவில்லை. வந்ததில் பெரும்பகுதி ஆங்கிலம் வழியாகத்தான் வந்தது.

மொழிபெயர்ப்பாளர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் இல்லையென்றால் எனக்கு இந்தப் புத்தகங்களே கிடையாது. 1967-ல் வந்த நாவல் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' என்று தமிழுக்கு வர 2013 ஆனது. அந்த உழைப்புக்குக் கும்பிடு. என் புகார் வேறு. ஆங்கிலம் நடுவில் நிற்பதால் என்ன போகிறது என்று சொல்லித்தர நம் கல்லூரிகளில் ஆள் இல்லை.

ஒரு தலைப்பை எடுத்துக்கொள்வோம். பென்ஷன் கடிதத்துக்காக வெள்ளிக்கிழமைதோறும் தபால் படகை எதிர்பார்த்து நிற்கும் கிழட்டுக் கர்னலின் கதை. ஆங்கிலத் தலைப்பைத் தமிழாக்கினால் 'கர்னலுக்கு யாரும் எழுதுவதில்லை' என்று வரும். செய்தி வாசிப்பதுபோல இருக்கிறதல்லவா? ஸ்பானியத் தலைப்பு 'எல் கொரொனெல் நோ தியேனே கியென் லே எஸ்க்ரீபா'. கர்னலுக்குக் கடிதம் போட ஆளில்லை. நம் ஊரில் 'அந்தக் கிழவிக்குக் கஞ்சி ஊத்த ஆளில்ல' என்கிறோமே, அந்த 'ஆளில்லை'. இல்லாதது கடிதம் மட்டுமல்ல, ஆளும்தான். மகனை இழந்த அந்தக் கதைக்கு இந்த ஒரு சொல் எவ்வளவு முக்கியம் என்று படித்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று, நீ–நீங்க. ஸ்பானிஷில் 'தூ' என்றால் நீ, 'உஸ்தெத்' என்றால் நீங்கள். ஆங்கிலத்தில் இரண்டும் 'யூ'. ஆங்கிலம் வழியாக வரும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு உரையாடலிலும் ஊகித்துத்தான் எழுதியாக வேண்டும். கர்னலின் மனைவி அவரைத் 'தூ' என்றுதான் பேசுகிறாள். அதற்காக 'நீ' என்று எழுதிவிடலாமா? அந்த வயதில் ஒரு விருதுநகர் அம்மா புருஷனை அப்படிக் கூப்பிட மாட்டாள். கூப்பிட்டால் அதற்குக் காரணம் வேறு. போதாக்குறைக்கு, கொலம்பியாவின் மலைப்பக்கம் புருஷன் பொண்டாட்டிக்குள்ளேயே 'உஸ்தெத்' புழங்குகிறது. மார்க்வெஸ் பிறந்த கரீபியன் கரையில் 'தூ'. திருநெல்வேலித் தமிழும் கோயம்புத்தூர்த் தமிழும் மாதிரி. மொபைல் செயலியில் தினம் பத்து நிமிடம் தட்டிக் கற்கிற சமாச்சாரம் இல்லை இது. வகுப்பு வேண்டும், வாத்தியார் வேண்டும், பக்கம் பக்கமாகப் படித்துச் சண்டை போட வேண்டும்.

இலக்கணத்திலும் உறவு இருக்கிறது. 'மே குஸ்தா' என்றால் 'எனக்குப் பிடிக்குது', அங்கேயும் 'எனக்கு'தான். 'கொன்சுவேக்ரோ' சம்பந்தி. 'கொன்குன்யாதோ' சகலை. இங்கிலீஷில் இதற்கெல்லாம் புழக்கத்தில் சொல் கிடையாது. 'கோ-பிரதர்' என்று நாமே ஒன்றைச் செய்துகொண்டோம்!

இப்போது இதை முறையாகப் படிக்க இங்கிருந்து ரயில் ஏற வேண்டும். டெல்லி ஜே.என்.யு.வில் இளங்கலையிலிருந்து முனைவர் பட்டம்வரை உண்டு. ஹைதராபாத் இஃப்ளூவிலும் உண்டு. விருதுநகர் செந்திக்குமார நாடார் கல்லூரி 1947-லிருந்து இருக்கிறது, சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963-லிருந்து. தனித் துறை எல்லாம் கேட்கவில்லை. தமிழ் எம்.ஏ. மாணவர்களுக்கு இரண்டு வருட ஸ்பானிஷ், அதில் பாதி இலக்கியம். இது பெரிய செலவா?

இலக்கியம் சோறு போடுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு ஊரைச் சொல்கிறேன். மெக்சிகோ சிட்டிக்கு வடக்கே துல்தெபெக். அவர்களுடைய சிவகாசி. மார்ச் 8-ஐ ஒட்டி, பட்டாசுக்காரர்களின் காவலரான புனிதர் சான் ஹுவான் தே தியோஸுக்குத் திருவிழா. காகிதக் காளைகளில் வெடி கட்டித் தெருவில் விடுவார்கள். 2016 டிசம்பர் 20 அன்று அந்த ஊர் சான் பப்லீதோ பட்டாசுச் சந்தை வெடித்து 40 பேருக்கு மேல் செத்தார்கள். அதே சந்தை 2005-லும் 2006-லும் வெடித்ததுதான். நமக்கு 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. அங்கேயும் 40 பேர்வரை. இரண்டு ஊரும் ஒரே மருந்தை இடித்து, ஒரே மாதிரி சாவை எண்ணுகின்றன. துல்தெபெக்கில் சந்தையைத் திரும்பக் கட்டியபோது என்ன மாற்றினார்கள், என்ன மாற்றவில்லை, பிழைத்தவர்கள் என்ன சொன்னார்கள், எல்லாம் ஸ்பானிஷில் கிடக்கிறது. ஆங்கிலத்துக்கு வந்தது மறுநாள் செய்தியும் சாவு எண்ணிக்கையும்தான். அதை நேராகத் தமிழுக்குக் கொண்டுவர சிவகாசியிலிருந்து ஒரு எம்.ஏ. மாணவி போதும்.