செம்பனைக்கு நற்பெயர் தேடிய கதை

மலேசியாவின் ஆயர் ஈத்தாமில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, குளுவாங் பக்கம் போனாலும் பத்து பகாட் பக்கம் போனாலும் செம்பனை கண்ணில் படாமல் இருக்காது. வெளிநாட்டாரிடம் நல்ல பெயர் எடுக்க மலேசியா பட்ட பாட்டில் பெரும்பங்கு இந்த மரத்துக்காகத்தான். சுற்றுலாவில் அவ்வளவு சிரமமில்லை. 1999-இல் தொடங்கிய 'மலேசியா ட்ரூலி ஏசியா' விளம்பரமே பாதி வேலையை முடித்துவிட்டது.

செம்பனையின் கதை வேறு. லண்டனிலிருந்த எஃப்பிசி மீடியா நிறுவனம் மலேசிய அரசிடம் பணம் வாங்கிக்கொண்டே, பிபிசியின் உலகச் செய்தி அலைவரிசைக்கு மலேசியாவையும் அதன் செம்பனையையும் பற்றிய நிகழ்ச்சிகளையும் தயாரித்துக் கொடுத்தது. 2011-இல் இது அம்பலமானது. மறு ஆண்டு பிபிசி நேயர்களிடம் மன்னிப்புக் கேட்டது. அந்த நிகழ்ச்சிகளில் உண்மையே இருந்திருந்தாலும், அதன்பின் யார் நம்புவார்கள்?

இத்தனைக்கும் சொல்வதற்கு மலேசியாவிடம் நியாயம் இருந்தது. ஒரு ஹெக்டரில் சோயா தருவதைப்போல் பல மடங்கு எண்ணெய் தருவது செம்பனை. சில ஏக்கரை நம்பிப் பிழைக்கும் சிறுதோட்டக்காரர்களும் ஏராளம். 2019-இல் ஐரோப்பிய ஒன்றியம் காடழிப்பைக் காரணம் காட்டிச் செம்பனை எண்ணெயை உயிரி எரிபொருளிலிருந்து 2030-க்குள் விலக்க முடிவெடுத்தபோது, அவர்களுக்காக அரசு வாதாடியதில் தவறில்லை. வழக்கு உலக வர்த்தக அமைப்புக்குப் போனது. ஒன்றியம் கட்டுப்பாடு விதிக்கும் உரிமையை 2024-இல் தீர்ப்பு ஏற்றது. அதை நடைமுறைப்படுத்திய விதத்தில் குறை கண்டது. முழு வெற்றியல்ல, ஆனால் விலைக்கு வாங்கிய படத்தைவிட மதிப்பானது.

காடழிப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவர்கள் தோட்டத்து ஆட்களை மறந்தார்கள். 2020-இல் கட்டாய உழைப்புப் புகாரின் பேரில் எஃப்ஜிவி, சைம் டார்பி ஆகிய மலேசியத் தோட்ட நிறுவனங்களின் எண்ணெயை அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்தது. சைம் டார்பி, தொழிலாளர்கள் ஏஜெண்டுகளுக்குக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2023-இல் அதன் மீதான தடை நீங்கியது. எந்தப் பிரசாரமும் இதைச் சாதித்திருக்காது.

தோட்டத் தொழிலாளரின் இந்த அவதி தமிழருக்குப் புதிதல்ல. மலாயாத் தோட்டங்களில் கூலி குறைக்கப்பட்டதும், 1938-இல் இந்திய அரசு அங்கு ஆள் அனுப்புவதையே நிறுத்தியது. இன்று அந்த இடத்தில் இந்தோனேசியரும் வங்காளதேசிகளும் நேப்பாளிகளும் நிற்கிறார்கள். அவர்கள் ஊருக்குப் போன் போட்டுச் சொல்வதும் மலேசியாவைப் பற்றிய செய்திதான். விளம்பரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கைத் தொழிலாளர் அலுவலக ஆய்வாளர்களுக்குக் கொடுத்தால், அவர்களின் கடப்பிதழைப் பூட்டி வைக்கும் முதலாளி முதலில் மாட்டுவார்.