டிரம்ஸ் இல்லாத தாளம்

டாலி பார்ட்டன் 1999-இல் வெளியிட்ட 'தி கிராஸ் இஸ் ப்ளூ' ஆல்பத்தை ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்க வேண்டும். டென்னசி மலைப்பக்கத்தில் பிறந்து, கன்ட்ரியிலும் பாப்பிலும் பேர் வாங்கியவர், ஊர்ப்பக்கத்து ப்ளூகிராஸ் இசைக்கே வந்து பாடிய தொகுப்பு. டிரம்ஸ் கிடையாது, தாளம் மட்டும் இம்மியும் பிசகாது. சாம் புஷ்ஷின் மாண்டலின் அதைப் பார்த்துக்கொள்கிறது. தந்திகளை மீட்டிய கணமே அழுத்திய விரல்களைத் தளர்த்திவிடுகிறார். நாதம் எழுமுன் அடங்கி, 'சக்' என்ற வெட்டு மட்டும் மிஞ்சுகிறது. பான்ஜோ, தகரக் கூரையில் விழும் கோடை மழைபோலப் பொரிகிறது. ஜெர்ரி டக்ளஸின் டோப்ரோ கிதாரில் எஃகுத் துண்டு தந்திமேல் வழுக்க, ஒரு சுரம் அடுத்ததற்குள் குழைந்து இறங்குகிறது.

இத்தனை கெட்டிக்காரர்கள் கூடியும் யாரும் முண்டியடிப்பதில்லை. டாலி வாயெடுத்தால் வயலின் ஒதுங்கிக்கொள்கிறது. அவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் ஸ்டூவர்ட் டங்கனின் வில் இரண்டு சுரங்களைச் செருகிவிட்டு நகர்கிறது. 'சில்வர் டாகர்' வாய்வழி வந்த பழம்பாட்டு; தலைப்புப் பாடல் டாலியே எழுதியது. அடுத்தடுத்துக் கேட்டால் ஒட்டுப்போட்ட இடம் தெரிவதில்லை. விரல்களின் வேகத்தைவிட, எங்கே நிறுத்துவது என்று தெரிந்த நிதானம்தான் என்னைக் கட்டிப்போடுகிறது. 2001-இல் சிறந்த ப்ளூகிராஸ் ஆல்பத்துக்கான கிராமி விருது இதற்குக் கிடைத்தது, தகும்.