மேசைக்கு எந்தப் பால்? கிழக்கிலங்கைப் போர்த்துக்கீசமும் தமிழும்

திருகோணமலை, மட்டக்களப்புப் பறங்கியரின் மொழியைப் பற்றி இரண்டு கருத்துகள் உலவுகின்றன. அது உடைந்த போர்த்துக்கீசம் என்பது பழையது. ஐந்நூறு ஆண்டுக்கு முந்திய போர்த்துக்கீசத்தைக் கெடாமல் காத்துவரும் பெட்டகம் என்பது இப்போது செல்வாக்குப் பெற்றிருப்பது. பரிவோடு சொல்லப்படுவதால் இதை யாரும் மறுப்பதில்லை. இரண்டுமே பிழை. அதற்கு அந்த மொழியின் ஆண்பால், பெண்பால் வடிவங்களே போதுமான சான்று.

லத்தீனில் பால் மூன்று. அதன் வழிவந்த பெருமொழிகளில் ருமேனியம் தவிர மற்றவை பெயர்ச்சொற்களுக்கு இரண்டோடு நின்றுகொண்டன. போர்த்துக்கீசத்தில் மேசை பெண், சப்பாத்து ஆண். அடைமொழியும் பெயரோடு இசைய வேண்டும்; 'புதிய' என்பது ஆண்பாலோடு 'நோவு', பெண்பாலோடு 'நோவ'. தொல்காப்பியம் படித்தவருக்கு இது விசித்திரமாகப் படும். அதன் கிளவியாக்க இயல் முதலில் கேட்பது மக்களா, அல்லவா என்பதைத்தான். ஆண், பெண் என்ற பிரிவு அதற்குப் பிறகு, உயர்திணைக்குள் மட்டும் வருகிறது. அஃறிணையில் ஒன்று, பல என்பதோடு சரி. கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளின் இந்த ஒழுங்கை வியந்து விரித்து எழுதினார்.

இந்த இரண்டு ஒழுங்குகளும் மோதிய இடங்களில் ஒன்று திருகோணமலைத் துறைமுகம். போர்த்துக்கீசர் 1624இல் இங்கே கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் அதைப் பறித்துக்கொண்டார்கள். பதினைந்தே ஆண்டு ஆட்சி. மொழியோ ஒல்லாந்தர் காலம் முழுவதும் இலங்கைக் கரையோரங்களில் பொதுமொழியாகப் புழங்கி, திருகோணமலையின் பாலையூற்றுப் பறங்கிக் குடும்பங்கள்வரை வந்து சேர்ந்திருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்த மொழிக்கு நியாயம் செய்யவில்லை. பெரெஞ்சர் 1811இல் கொழும்பில் வெளியிட்ட இலக்கணம் தன் தலைப்பிலேயே அதைச் சிதைந்த போர்த்துக்கீசம் என்றது. 1819இல் ஃபாக்ஸின் அகராதி, 1826இல் நியூஸ்டெடின் புதிய ஏற்பாடு என வெஸ்லியன் மிஷனரிகள் உழைத்தார்கள். உழைப்பு பெரிதுதான். ஆனால் எழுத்தும் வாக்கிய அமைப்பும் லிஸ்பனைப் பார்த்தே நின்றன. வீட்டில் பேசிய மொழி அச்சுக்கு வரவில்லை. கோவாவில் பிறந்த குருவானவர் தல்காதோ 1900இல் இலங்கைக் கிளைமொழிக்கென்றே ஒரு நூல் எழுதினார். 1913இல் ஆசிய மொழிகளில் கலந்த போர்த்துக்கீசச் சொற்களைத் தொகுத்தார். ஈழத்துத் தமிழை ஆராய்கிறவர்கள் அவருக்குப் பட்ட கடன் பெரிது. அவர் பெயரைச் சொல்பவர்கள் குறைவு.

திருப்பம் 1970களில் வந்தது. மொழியியலாளர் இயன் ஸ்மித் மட்டக்களப்பில் பேச்சைக் கேட்டு எழுதினார். அதில் தெரிந்த மொழி வேறு. வினை வாக்கியத்தின் இறுதிக்குப் போயிருந்தது. அடைமொழி பால் காட்டாமல் ஒரே வடிவில் நின்றது. வீட்டுக்கும் மேசைக்கும் ஆண், பெண் இல்லை. அவன் 'எலி', அவள் 'எல' என்ற வேறுபாடும், மகன், மகள் போன்ற உறவுச் சோடிகளும் நிலைத்தன. ஆக, பால் மொத்தமாக அழியவில்லை. மனிதரிடம் தங்கி, பொருளை விட்டு நீங்கியது.

அதைவிட முக்கியமானது 'ப' என்ற உருபு. பழைய 'பர' என்ற முன்னிடைச்சொல் தேய்ந்து பெயருக்குப் பின்னால் போய், நம் 'ஐ', 'கு' இரண்டின் வேலையையும் செய்கிறது. செயப்படுபொருள் மனிதராக இருந்தால் அது வரும். உயிரற்ற பொருளுக்கு வேண்டியதில்லை. 'மரம் வெட்டினான்' என்று சொல்லும் நாம் 'பையன் அடித்தான்' என்று சொல்லிப் பையனைச் செயப்படுபொருளாக்க முடியாதல்லவா, அதே கணக்கு. ஸ்பானியமும் இங்கே மனிதரைப் பிரித்துக் காட்டும், ஆனால் அங்கே உருபு பெயருக்கு முன்னால் நிற்கும். லத்தீன் வழிவந்த பால் பாகுபாடு போன இடத்தில் திணைப் பாகுபாடு வந்து உட்கார்ந்திருக்கிறது. இதை உடைசல் என்பவர்கள் ஒரு பக்கத்தை மட்டும் எண்ணுகிறார்கள். பெட்டகம் என்பவர்கள் அதையும் எண்ணுவதில்லை.

எதிர்த்திசையிலும் ஒரு தடம் உண்டு. ஈழத்துத் தமிழில் மேசை, கதிரை, விறாந்தை, றோதை எல்லாம் ஐகாரத்தில் முடிகின்றன. மூலத்தில் இவை அகரத்தில் முடியும் பெண்பாற் சொற்கள். சப்பாத்து, வாங்கு உகரத்தில் முடிகின்றன, மூலத்தில் ஆண்பால். அலவாங்கு போன்ற விலக்குகள் உண்டு. அது மூலத்தில் பெண்பால். தமிழ் இங்கே பாலைக் கடன் வாங்கவில்லை. ஈற்றொலியை மட்டும் தன் வழக்குக்கு மாற்றிக்கொண்டு, பொருளை அஃறிணையில் வைத்தது.

2010களில் லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் ஹூகோ கார்தோசோவும் குழுவினரும் ஒலி, ஒளிப் பதிவுகளாகக் கிழக்கிலங்கைப் பேச்சை ஆவணப்படுத்தினார்கள். அந்தப் பதிவுகளைத் தமிழ் இலக்கணம் தெரிந்தவர்கள் உட்கார்ந்து கேட்க வேண்டும். 'ப' எந்த இடத்தில் விலங்குக்கும் வருகிறது, மட்டக்களப்புப் பேச்சும் பாலையூற்றுப் பேச்சும் அதில் ஒத்துப்போகின்றனவா, அதே வீட்டார் தமிழ் பேசும்போது 'ஐ' எங்கே விடுகிறார்கள் என்பவற்றைப் பிடிக்க லிஸ்பனில் பழகிய காது மட்டும் போதாது. திணை தெரிந்த காது வேண்டும். அது கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கிறது.