ஹமுராபி ஆட்டமும் களைப்பறியாத மண்ணும்

சதுரங்கத்தைப் போல் முறை வைத்து ஆடும் கணிப்பொறி ஆட்டங்களில் வாள்வீச்சைவிட வரவு செலவே பெரிது. இருப்பதோ கொஞ்சம், தேவையோ பல. எதற்குக் கொடுப்பது, எதை மறுப்பது என்பதே ஆட்டம். இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று 'ஹமுராபி'. 1964-இல் அமெரிக்காவில் மேபல் ஆடிஸ் என்னும் ஆசிரியை, ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த வில்லியம் மெக்கேயுடன் இணைந்து பள்ளி மாணவர்களுக்காகச் 'சுமேரிய ஆட்ட'த்தை அமைத்தார். அதையொட்டி 1968-இல் டக் டைமென்ட் எழுதிய சிறிய ஆட்டத்தை டேவிட் ஆல் பேசிக் மொழிக்குக் கொண்டுவந்தார். ஆலின் நூலில், 1978-ஆம் ஆண்டுப் பதிப்பில் உள்ள வடிவத்தையே இங்கு எடுத்துக்கொள்வோம்.

நீங்கள் அரசர். ஆட்சிக் காலம் 10 ஆண்டுகள். 100 குடிகள், 1000 ஏக்கர் நிலம், களஞ்சியத்தில் 2800 புஷல் தானியம். (ஒரு புஷல் ஏறக்குறைய 35 லிட்டர்.) ஒருவர் உயிர்வாழ ஆண்டுக்கு 20 புஷல் வேண்டும், ஒருவரால் 10 ஏக்கர் உழ முடியும், ஏக்கருக்கு அரைப் புஷல் விதை. கணக்குப் போட்டுப் பாருங்கள். உணவுக்கு 2000, விதைக்கு 500 போக, மிஞ்சுவது 300. விளைச்சலோ பகடையைப் பொறுத்தது: ஏக்கருக்கு 1 முதல் 5 புஷல் வரை எதுவும் விழலாம். 1 விழுந்தால் மறு ஆண்டு கையிலிருப்பது 1300 புஷல்தான். புதிதாக வந்து குடியேறுவோரை விட்டுவிட்டாலும் 35 பேருக்கு உணவில்லை; விதைக்கும் ஒரு மணியில்லை. ஏக்கர் 20 புஷல் விலைக்குப் போனால் ஏறக்குறைய 60 ஏக்கரை விற்று அந்த ஆண்டைக் கடத்தலாம். ஆனால் விற்ற நிலம் அடுத்த ஆண்டு விளையாது. சேமித்து வைத்தால் போதுமே என்கிறீர்களா? எலிகள் இருக்கின்றன! அவை புது அறுவடையைத் தொடுவதில்லை. இருப்பில் உள்ளதைத்தான் பாதியோ காலோ தின்கின்றன.

இத்தனையையும் சில விதிகளில் அடக்கிய திறமையைப் பாராட்டத்தான் வேண்டும். விதைநெல்லைத் தின்னலாமா என்ற உழவனின் பழைய கேள்வியைப் பள்ளி மாணவனும் உணரும்படி செய்கிறது இந்த ஆட்டம்.

ஆனால் இதில் ஒரு பெருங்குறை உண்டு. பஞ்சம் எப்போதும் வெளியிலிருந்தே வருகிறது: பகடை, எலி, கொள்ளை நோய். அரசர் செய்த எதுவும் மண்ணைக் கெடுப்பதில்லை. ஆண்டுதோறும் ஓய்வின்றி உழுதாலும் பத்தாம் ஆண்டு மண் முதல் ஆண்டு மண்ணாகவே இருக்கிறது. ஹமுராபி உண்மையில் ஆண்ட மெசப்பொட்டேமியாவின் நிலைமை வேறு. அங்கு வாய்க்கால் பாசனம் நிலத்தடி நீரை உயர்த்தும். அந்நீர் மேலேறி ஆவியாகும்போது உப்பு மேல்மண்ணில் தங்கும். அவ்வாறு உவர் ஏறியதால்தான் தெற்குப் பகுதியில் கோதுமை மறைந்து, உவரைத் தாங்கும் பார்லி நிலைத்தது என்று 1958-இல் ஜேக்கப்சனும் ஆடம்ஸும் எழுதினர். 1985-இல் மார்வின் பவல் இம்முடிவை மறுத்தார். எனினும் நிலத்தை ஓராண்டு விட்டு ஓராண்டு தரிசாகப் போடும் வழக்கம் அங்கு இருந்தது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

மதிப்பெண் முறையும் விசித்திரமானது. இறுதியில் தலைக்கு எத்தனை ஏக்கர் என்று ஆட்டம் கணக்கிடுகிறது. கொள்ளை நோயில் பாதிப் பேர் மடிந்தால் அந்த எண் இரட்டிப்பாகும். அரசருக்குப் புகழ்மாலை கிடைக்கும்!

பிற்கால ஆட்டங்கள் சில இக்குறையைக் களைய முயன்றன. 'சிவிலைசேஷன் 6' ஆட்டத்துக்கு 2019-இல் வந்த இணைப்பில், ஆடுவோர் நிலக்கரியையும் எண்ணெயையும் எரிக்க எரிக்கக் கடல் மட்டம் உயர்ந்து, அவர்களுடைய கடலோரத் தாழ்நிலங்களே மூழ்குகின்றன.

ஹமுராபி நிரல் சிறியது. பேசிக் அறிந்த மாணவர் எவரும் திருத்தலாம். ஆண்டுக்குப் பாதி நிலமே உழலாம் என்று ஒரு வரி சேர்த்துப் பாருங்கள். 500 ஏக்கரில் சராசரி விளைச்சல் 3 புஷல் என்றால் 1500 புஷல். 100 குடிகளின் உணவுக்கே 2000 வேண்டும். பகடையையும் எலியையும் நீக்கிவிட்டால்கூட இந்த நாடு பிழைக்காது.